பம்பாயில் அடித்த மணி

கம்பம்மெட்டு
2-8-1978

மாப்பிள்ளை வீரபாண்டிக்கு, மாமன் நல்லதம்பி எழுதுவது.

இரண்டு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. நீயும் எனக்கு எழுதவில்லை. உன் அம்மாவுக்கு வருகிற கடிதங்களை அவள் என் ஏலக்காய்க் கடையில் வந்து படிக்கச் சொல்லிக் கேட்பதால் உன் சேதி எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை, மிக்கேல் என்ற தூத்துக்குடிக்காரர் வீட்டு மாடியில் குடியிருப்பு, குளிர் அதிகம். அது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் சந்தனத்துக்குக் கூடலூரிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் பெயர் சின்னமுத்து. சொந்தத்தில் ஏலத்தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், குறையில்லாத குடும்பம். எனக்குச் சம்மதம். ஆனால் உன் அம்மா சுருளியம்மாள் கடை வாசலில் நின்று, மூட்டை தூக்குகிற நாலு சுமட்டுக்காரர்கள் கேட்க, "முறைக்காரன் என் மகன் இருக்கான். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பூ வச்சேன்னா, அக்கான்னு என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்பது முறைதான். அதனால் கேட்கிறேன். சந்தனத்தை நீ கட்டிக்கொள்கிறாயா, அல்லது விட்டுக்கொடுக்கிறாயா?

புரட்டாசி பிறந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆவணி கடைசி வெள்ளிக்குள் பூ வைக்க வேண்டும் என்கிறார்கள் கூடலூரில். உன் வேலை அனுமதி நீட்டிப்பு செப்டம்பர் 5-ல்தான் தெரியும் என்று உன் அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு நீ எழுதுகிற கடிதம் அந்த வெள்ளிக்குள் எனக்கு வந்து சேராது. தந்தி வேண்டாம். தந்தி வந்தால் செத்தது யார் என்று கேட்டுத் தெருவே கூடிவிடும்.

ஒரு வழி கண்டிருக்கிறேன். செப்டம்பர் முதல் வாரம் நான் பம்பாயில் இருப்பேன், நம் ஏஜெண்ட் அர்த்தநாரி ஆபீசில். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரர், நாணயமானவர். அவர் போனில் லண்டனுக்கு ஆபரேட்டர் இல்லாமல் நேராகவே சுழற்றிப் பேசுகிறார்கள். போன தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிவிட்டு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நம்பரைச் சுழற்றினால் அரை நிமிஷத்தில் அங்கே மணி அடிக்கிறது. அங்கே ஆள் எடுத்த நொடியிலிருந்து மீட்டர் ஓடுகிறது. எடுக்காவிட்டால் ஒரு பைசா இல்லை. அங்கிருந்து இங்கே வருவதற்கும் இதே கதைதான் என்று அர்த்தநாரி சொல்கிறார்.

கம்பத்தில் டிரங்க் கால் போட்ட காலத்தில் ஆள் பெயர் சொல்லிக் கேட்போம். "பெரியம்மாள் இருக்காங்களா" என்றால் விலை ஏறியிருக்கிறது, "ராசம்மாள் இருக்காங்களா" என்றால் இறங்கியிருக்கிறது. ஆள் இல்லை என்று மறுமுனை வைத்துவிடும். பேச்சுக் கட்டணம் மிச்சம். இதில் பெயர் கேட்க ஆபரேட்டர் இல்லை, மணிதான் இருக்கிறது. ஆகவே மணியாலேயே சொல்.

செப்டம்பர் 7, வியாழக்கிழமை, இங்கே பகல் மூன்று, உனக்குக் காலை பத்தரை. சந்தனம் வேண்டும் என்றால் இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடு. விட்டுக்கொடுக்கிறாய் என்றால் மூன்று. 'ட்ரிங் ட்ரிங்' என்று இரட்டையாக வருவது ஒரு மணி என்று கணக்கு. குழப்பாதே. நான் எடுக்க மாட்டேன். அர்த்தநாரி ஆபீஸ் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

நல்லதம்பி

*

லண்டன்
15-8-1978

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனேன். பிரித்தால் வியாபாரம்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். வண்டன்மேட்டுக்காரர் மூட்டைக்கு நீங்கள் சாக்கு எடை கூடக் கழித்ததை அவர் எதிரிலேயே நான் சொன்னது தப்பு என்றால் தப்புதான். "எனக்கு எதிராத் தராசு பிடிக்கிறவனுக்கு என் கடையில வேலை இல்லடா" என்று நீங்கள் சொன்னதும் அன்றைக்கே பஸ் ஏறினேன். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை.

கேட்டதற்குப் பதில் இப்போது சொல்ல முடியவில்லை. அனுமதி நீட்டவில்லை என்றால் நான் எந்த ஊரில் இருப்பேன் என்றே தெரியாது. அப்படிப்பட்டவன் பெண் கேட்கக் கூடாது. 5-ஆம் தேதி தெரிந்துவிடும். 7-ஆம் தேதி நீங்கள் சொன்ன மாதிரியே அடிக்கிறேன்.

வீட்டுக்கார மிக்கேல் போனின் சுழற்றும் வட்டில் பூட்டுப் போட்டு வைத்திருப்பவர். விவரம் சொன்னேன். "அங்க யாரும் எடுக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணுறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார், பக்கத்தில் நிற்பாராம். சுழற்ற வேண்டியது 010, பிறகு 91, பிறகு பம்பாய்க்கு 22, பிறகு உங்கள் நம்பர். நீங்கள் 022 என்று எழுதியிருந்தீர்கள். அந்த முன் பூஜ்யம் நம் நாட்டுக்குள்ளிருந்து அடிக்கும்போது மட்டும்தானாம். இங்கிருந்து அதையும் சேர்த்துச் சுழற்றினால் போகாது. மிக்கேல்தான் பார்த்துச் சொன்னார்.

அத்தைக்கு என் வணக்கம்.

வீரபாண்டி

*

லண்டன்
8-9-1978

மாமாவுக்கு வணக்கம்.

நேற்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுத்தில் சொல்வது மரியாதை என்று இதை எழுதுகிறேன்.

அனுமதியை இரண்டு வருஷம் நீட்டிவிட்டார்கள். புதன்கிழமை முழுக்க யோசித்தேன். வியாழன் காலையில் மிக்கேல் பூட்டைத் திறந்து தந்தார். முதல் தடவை சுழற்றி முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டு மறுபடி சுழற்றினேன். கடைசி எண் போனபின் கொஞ்ச நேரம் வெறும் காற்று மாதிரி. பிறகு நம்மூர் மணி! காதில் அப்படியே கேட்டது. இரண்டு எண்ணினேன். இரண்டாவது முடிந்ததும் வைத்தேன். "முடிஞ்சுதா? இவ்வளவுதானா கலியாணம்?" என்றார் மிக்கேல்.

தை மாதம் மூன்று வாரம் விடுப்புக் கேட்கப்போகிறேன். மாடியில் பக்கத்து அறையையும் சேர்த்துத் தர மிக்கேல் சம்மதித்திருக்கிறார். கூடலூர்க்காரர்களிடம் எப்படிச் சொல்வீர்களோ, அது உங்களுக்கே கைவந்தது.

அம்மாவுக்கு நான் தனியாக எழுதவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். சந்தோஷப்படுவாள்.

வீரபாண்டி

*

கம்பம்மெட்டு
16-9-1978

மாப்பிள்ளைக்கு,

உன் பதில் மூன்று மணியாகக் கிடைத்தது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. திங்கட்கிழமை ஊர் வந்தேன். நேற்று வெள்ளிக்கிழமை கூடலூர்க்காரர்கள் பதினெட்டுப் பேர் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். கலியாணம் தை மாதம்.

உன் அம்மா வந்தாள். பந்தியில் உட்காரவில்லை, ஒரு ஓரமாக நின்றாள். "என் மகனா விட்டுக்குடுத்தான்?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதில் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தூர தேசத்தில் இருக்கிறவனுக்கு அவனவன் கஷ்டம். நீ அடுத்த தடவை வரும்போது கடைக்கு வா. பழையதைப் பேச வேண்டாம்.

நல்லதம்பி

*

கம்பம்மெட்டு
20-9-1978

வீரபாண்டிக்கு,

உன்னுடைய 8-ஆம் தேதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இது என்ன விளையாட்டு?

என் காதில் கேட்டது மூன்று மணி. அர்த்தநாரி ஆபீசில் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே போய்ப் போன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டே முக்கால் முதல் வேறு யாரையும் தொட விடவில்லை. கடிகாரத்தில் மூன்றாகி மூன்று நிமிஷம் இருக்கும்போது போன் மணி வந்தது. நீ இரண்டு அடித்தேன் என்கிறாய். நான் முப்பது வருஷமாக எண்ணிப் பிழைக்கிறவன். கணக்குத் தப்பினது என் பக்கம் இருக்காது.

மூன்று அடித்துவிட்டு ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் மனசு மாறி இரண்டு என்று எழுதியிருக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படி இருந்தால் சொல்லிவிடு. மனசு மாறுவது குற்றமில்லை. ஆனால் பூ வைத்த பெண்ணைப் பற்றி இனிமேல் இப்படி எழுதாதே. இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டவில்லை.

நல்லதம்பி

*

லண்டன்
2-10-1978

மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் மூன்று நாள் இடைவெளியில் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. இரண்டாவதைப் படித்துவிட்டுக் கோபத்தில் ஒரு பதில் எழுதினேன், கிழித்துப் போட்டேன். இது வேறு.

நான் மனசு மாறவில்லை. இரண்டுதான் கேட்டேன். பக்கத்தில் நின்ற மிக்கேலும் ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்டார், இரண்டு என்கிறார். நீங்களும் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் நடந்தது என்ன என்று யோசித்தேன். எங்கள் தெருக்கோடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனேன். கதையைக் கேட்டு அவர் மனைவி சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

நான் 010 சுழற்றியதும் லண்டனில் வெளிநாட்டுக்கென்று இருக்கிற எக்ஸ்சேஞ்சு என் அழைப்பை வாங்கிக்கொள்கிறது. 91 என்றதும் இந்தியாவுக்கான வழியைப் பிடிக்கிறது. 22 என்றதும் பம்பாய். அங்கே உள்ள எக்ஸ்சேஞ்சு உங்கள் ஆபீஸ் கம்பியைத் தேடிப் பிடித்து, சும்மா இருக்கிறதா என்று பார்த்து, மணிக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஆள் இல்லாமல் இத்தனையும் தானாக நடக்கிறது.

இங்கேதான் விஷயம். என் காதில் கேட்டது உங்கள் மேஜைமேல் அடித்த மணி இல்லை மாமா. ரிசீவர் எடுக்காதவரை உங்கள் அறையிலிருந்து ஒரு சத்தமும் எனக்கு வராது. 'அங்கே மணி போய்க்கொண்டிருக்கிறது' என்று எனக்குத் தெரிவிக்க எக்ஸ்சேஞ்சு தனியாக ஒரு சத்தத்தை அனுப்புகிறது. மணிக்குப் போகிற மின்சாரம் வேறு, என் காதுக்கு வருகிற சத்தம் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அங்கே ஒன்று முன்னாலேயே அடித்திருக்கலாம். அதுபோக, நான் வைத்தேன் என்ற சேதி இத்தனை எக்ஸ்சேஞ்சும் கடந்து பம்பாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே மணி நிற்கும். அதற்குள் அடுத்த மணி தொடங்கிவிடலாம். "எண்ணிக்கையை நம்பி யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது" என்றார். இதை அவர் ஆகஸ்டில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். நான் இரண்டாவது முடிந்த உடனே வைத்தவன். அப்படியானால் மூன்றாவது முழுதாக அடித்திருக்க வழி குறைவு என்கிறார் அவர். உங்கள் மூன்றாவது மணி இரட்டையாக அடித்ததா?

வீரபாண்டி

*

கம்பம்மெட்டு
16-10-1978

வீரபாண்டிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ கேட்ட கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இரட்டையாக அடிக்கவில்லை.

முதல் மணி இரட்டை. இரண்டாவது இரட்டை. மூன்றாவது 'ட்ரிங்' என்று ஒற்றையாக ஒன்று வந்தது, நின்றுவிட்டது. நடந்தது அதுதான்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அர்த்தநாரி எதிரில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்ண்ணா, மூணாவது முழுசா அடிக்கலீங்களே. ஒருக்கா தம்பிக்கு போன் போட்டுக் கேட்டுப்போடலாமுங்களா? நம்பரு இருக்குதுங்களே" என்றார். போன் என் கைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. உன் வீட்டு நம்பர் உன் அம்மாவுக்கு வந்த கடிதத்தில் இருந்து எழுதி எடுத்துப் போயிருந்தேன். "வேண்டாம், அடிச்சது மூணுதான்" என்றேன். அவர் மறுபடி, "காசு நான் போட்டுக்கிறனுங்" என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். ரயிலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவரோடு டீ குடித்தேன்.

காசுக்காகச் செய்யவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். எனக்கு அது மூன்றாக இருக்க வேண்டியிருந்தது. ஒரே பெண். லண்டன் எனக்குப் பிடிக்கவில்லை. நான் நினைத்த நேரத்தில் பஸ் ஏறிப் பார்க்க முடியாத ஊர் எதுவும் எனக்குப் பிடிக்காது. கூடலூர் முக்கால் மணி நேரம். அவர்கள் ஸ்டோரிலிருந்து வருகிற காய் என் கடைக்கு வரும் என்ற எண்ணமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரயிலில் ஏறிப் படுத்தபோது அது மூன்றுதான் என்று எனக்கே நிச்சயமாகிவிட்டது. உன் கடிதம் வந்தபோது நீதான் பொய் சொல்கிறாய் என்று உண்மையாகவே கோபம் வந்தது.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பூ வைத்தாயிற்று. நீ என்ன சொல்கிறாய்?

நல்லதம்பி

*

லண்டன்
29-10-1978

மாமாவுக்கு,

நீங்கள் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பூ வைத்ததைக் கலைத்துவிட்டு எனக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சின்னமுத்து என்ன தப்புச் செய்தான்? அவன் வீட்டுக்குத் தெரிந்தவரை முறைக்காரன் விட்டுக்கொடுத்துவிட்டான், அவ்வளவுதான்.

இரண்டு பேரிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். ஒன்று அம்மா. நான் அவளுக்கு எழுதினாலும் உங்கள் கடைக்கு வந்து நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். அதைவிட நேரில் சொல்லிவிடுவது உங்களுக்கும் சுலபம். இன்னொன்று சந்தனம். நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு அவள் தாலி கட்டிக்கொள்ள வேண்டாம். தெரிந்த பிறகு கூடலூர்தான் என்றால் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்து அறையை மிக்கேல் வேறு ஆளுக்குக் கேட்டார். கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

வீரபாண்டி

*

கம்பம்மெட்டு
19-11-1978

மாப்பிள்ளைக்கு,

உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

சந்தனம் முற்றத்தில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். உன் அத்தையும் இருந்தாள். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன், அர்த்தநாரி சொன்னதையும் விடவில்லை. முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏம்ப்பா, என்னைய விக்கிறதா வாங்குறதான்னு மணியடிச்சுக் கேட்டீகளா?"

உன் அத்தை முத்துப்பேச்சி, "அப்பாகிட்டப் பேசுற பேச்சாடி இது" என்றாள்.

"நீ சும்மா இரும்மா. லண்டன்ல ஒருத்தர் எண்ணியிருக்காரு, பம்பாயில ஒருத்தர் எண்ணியிருக்காரு. நான் இந்த முத்தத்துலதானே இருந்தேன்? எங்கிட்டக் கேக்க போனா வேணும்?"

அது உனக்கும் சேர்த்துத்தான். ஆகவே எழுதுகிறேன்.

கூடலூர் என்ன செய்ய என்று கேட்டேன். "வேற ஆள அனுப்பாதீக, அம்மாவ அனுப்பாதீக. நீங்களே போயி, நடந்தத நடந்தபடி சொல்லுங்க. முடிவெடுக்க எனக்கு நேரம் வேணும்னும் சொல்லுங்க. என் பேருல பழி போட்டுட்டு வரக் கூடாது" என்றாள். அவ்வளவு தெளிவாக என் கடையில் யாரும் எனக்கு உத்தரவு போட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பூ வைக்க வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். சின்னமுத்துவின் அப்பா, "அரை மணிய முழு மணியா எண்ணுற ஆளா நீரு? இம்புட்டு நாளா எங்க காய எப்படிய்யா எடை போட்டீரு?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டுக்கொண்டேன். முப்பது வருஷத்தில் என்னைப் பார்த்து ஒரு முற்றம் நிறையச் சிரித்தது இதுவே முதல் தடவை. சின்னமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டான். "அதுக்கு முடிவெடுக்க நேரம் வேணுமாம்" என்றேன். "அப்ப அது எடுக்கட்டும். முடிவு தெரியாம தை வரைக்கும் காத்திருக்கிறவங்க நாங்க இல்ல" என்று நாங்கள் கொடுத்த தாம்பூலத் தட்டை எடுத்து வந்து திருப்பிக் கொடுத்துவிட்டான். நல்ல பையன். அவர்கள் காய் இனி எனக்கு வராது.

இதனால் உனக்குத்தான் என்று நினைத்துவிடாதே. உன்னையும் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்டேன். "அதை அத்தான்கிட்ட நானே கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். என்ன கேட்கப்போகிறாள் என்று உன் அத்தைக்கும் தெரியாது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பசை போட்டு ஒட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். இந்தக் கடிதத்தோடு அதே உறையில் வைத்திருக்கிறேன்.

நேற்று அதைத் தாளும் உறையுமாகக் கம்பம் தபாலாபீசில் எடை போட்டுவிட்டு, "என்னண்ணே இவ்வளவு கனம், நிலப் பத்திரமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கேட்ட தபால்தலையை வாங்கி வந்துவிட்டேன்.

பதிலை அவள் பெயருக்கே எழுது. கடை விலாசம்தான் போட வேண்டும், வேறு வழியில்லை. தபால்காரரிடம் வாங்கி அவள் கையில் கொடுப்பேன். பிரிக்க மாட்டேன்.

நல்லதம்பி